கருவியும் காகிதமும்: சர்க்கார் கொள்முதலில் மின்னணு முறை

ஹைதராபாத் நகரின் பேகம்பேட் பகுதியில், பழைய விமான நிலையத்துக்கு அருகே, சிறிய கட்டடம் ஒன்று உள்ளது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலுள் வளர்கிறது என்பதை 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி கண்டறிந்த ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸின் நினைவைத் தாங்கி நிற்பது அக்கட்டடம். அந்த ஆய்வுக்கு அவரிடம் இருந்த கருவி எந்நிலையில் இருந்தது என்பதை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். நெற்றியிலிருந்தும் கைகளிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறியிருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டிருந்தது. தம்மைக் கொசுக்கள் கடிக்க இசைந்த உசேன்கான் என்னும் நோயாளிக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் ராஸ் கூலி கொடுத்தார். அந்தக் கொள்முதலுக்கு விண்ணப்பமும் இல்லை, ஒப்புதலும் இல்லை; கேட்டதும் கொடுத்து முடிந்த காரியம். புதிய வில்லை வாங்குவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அந்த வில்லை சில வாரங்களுக்கு முன்னரே நொறுங்கிப் போயிருந்தால் ஆராய்ச்சி எத்தனை மாதங்கள் பின்தங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

விஞ்ஞானப் பணியில் கொள்முதல் என்பது காரியாலயத்தின் பின்னறையில் நடைபெறும் எழுத்தர் வேலை என்று கருதுவோர் பலர். கருவி உரிய காலத்தில் கைக்கு வருதலும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே என்பது களத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். காகிதத்தில் நடைபெற்று வந்த சர்க்கார் கொள்முதல் சென்ற இருபது ஆண்டுகளில் மின்னணு முறைக்கு மாறியிருக்கிறது. இம்மாற்றம் நன்மை தருவது. இதிலிருந்து பின்வாங்குவது கூடாது. ஆயினும், கள ஊழியரும் ஆசிரியரும் இதில் தங்கள் பங்கை ஆற்றாவிடில், முன்னர் காகிதத்தில் நடந்த பிழைகள் இனிக் கணினியில் அதைவிட விரைவாக நடக்கும். இவ்விரு கருத்துக்களையும் ஒருங்கே மனத்தில் கொள்ளுதல் அவசியம்.

தவறிய வேளை திரும்பாது

பேகம்பேட்டில் மத்திய சர்க்காரின் விஞ்ஞான நிலையங்கள் சில அமைந்துள்ளன. விமான நிலைய வளாகத்தில் இந்திய வானிலை இலாகாவின் மையம் இருக்கிறது. யுரேனியம் முதலிய அணுக் கனிமங்களை நாடெங்கும் தேடும் அணுக் கனிம ஆய்வு இயக்ககத்தின் தலைமைக் காரியாலயமும் இங்கேயே உள்ளது. 1949ஆம் ஆண்டில் அரிய கனிமங்களை அளவிடும் சிறு பிரிவாகத் தொடங்கிய அந்த இயக்ககம், 1974ஆம் ஆண்டில் தன் தலைமையிடத்தை டில்லியிலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றிக்கொண்டது.

இவ்விரு வகை நிலையங்களின் பணியையும் நோக்கினால் கொள்முதலின் முக்கியத்துவம் விளங்கும். உயர்வளி நிலைமையை அறிய ஹைட்ரஜன் நிரப்பிய பலூனுடன் ரேடியோசோண்டு என்னும் சிறு கருவியை இணைத்து வானில் விடுகின்றனர். இது உலகெங்கும் ஒரே வேளையில், இந்திய நேரப்படி காலை 5.30 மணியையும் மாலை 5.30 மணியையும் ஒட்டி நடைபெறுகின்றது. ஒவ்வொரு முறையும் ஒரு பலூனும் ஒரு கருவியும் செலவாகின்றன. பெரும்பாலும் அவை திரும்புவதில்லை. பண்டகசாலையில் இருப்பு தீர்ந்து ஒரு வேளை பலூன் விடப்படவில்லையானால், அந்த வேளையின் அளவீடு என்றென்றைக்குமாக இழந்ததேயாகும். மறுநாள் எத்தனை பலூன் விட்டாலும் நேற்றைய வளிமண்டலத்தை அளக்க இயலாது. அவ்வாறே, நிலத்தைத் துளையிட்டுப் பாறை மாதிரி எடுக்கும் குழுவினருக்கு வைரம் பதித்த துளைமுனை உரிய பருவத்தில் வந்து சேரவில்லையெனில், மழைக்காலம் தொடங்கி அவ்வாண்டின் களப்பணியே தடைப்படும்.

காகித முறையின் நிறைகுறைகள்

பழைய முறையை அறிந்தவர்களுக்கு அதன் படிகள் நினைவிருக்கும். முதலில் தேவைப் பட்டியல். பின் மேலதிகாரியின் ஒப்புதல். பின் செய்தித்தாளில் ஒப்பந்தப்புள்ளி விளம்பரம். விருப்பமுள்ளோர் காரியாலயத்துக்கு நேரில் வந்து, கட்டணம் செலுத்தி, படிவங்களைப் பெறவேண்டும். விலைப்புள்ளியை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, வரைவோலையுடன் பெட்டியில் சேர்க்கவேண்டும். குறித்த நாளில் பெட்டியைத் திறந்து, ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்து, குழு கூடி முடிவு செய்யவேண்டும்.

இம்முறை தீய எண்ணத்தில் பிறந்ததன்று. மூடிய உறையும் பொது வேளையில் திறக்கும் பெட்டியும் நேர்மையைக் காக்கவே ஏற்பட்டன. எனினும், படிவம் வாங்க வருபவர் யார் யார் என்பது காரியாலய வாசலில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் அவர்கள் தமக்குள் கூடி விலையை முன்கூட்டியே பேசிக்கொள்வது எளிது. புதியவர் ஒருவர் வந்தால், அவர் பெட்டியை அணுகாதபடி தடுப்பதும் சில இடங்களில் வழக்கமாயிருந்தது. ஆகவே காப்புக்கென ஏற்பட்ட பெட்டியே நேர்மையாளரைத் தடுக்கும் தடையாக மாறியது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்லும் காலமோ கணக்கில் அடங்காது.

ஹைதராபாத்தில் நடந்த முயற்சி

இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் முன்னோடியானது ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கியது. மின்னணு ஆவணத்துக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் சட்ட மதிப்பு அளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் துணைகொண்டு, 2003ஆம் ஆண்டு ஜனவரியில் நீர்ப்பாசனம் முதலிய சில இலாகாக்களில் மின்னணுக் கொள்முதல் சோதனையாகத் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் பெருந்தொகை ஒப்பந்தங்களுக்கு மட்டும் பொருந்திய இம்முறை, பின்னர்ப் படிப்படியாகச் சிறு தொகை ஒப்பந்தங்களுக்கும் பிற இலாகாக்களுக்கும் விரிவாயிற்று.

இதன் பயன் என்ன? ஒப்பந்தப்புள்ளி ஒன்று முடிவாவதற்கு முன்னர் 90 முதல் 135 நாள் வரை ஆகிவந்தது. சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ 35 நாளாகக் குறைந்தது என இம்முயற்சியைப் பற்றி வெளியான ஆய்வு தெரிவிக்கின்றது. புள்ளி கொடுப்பவர் தம் ஊரிலிருந்தே கொடுக்கலாம் என்றானபின், வாசலில் நின்று தடுப்பவர்க்கு வேலை இல்லாது போயிற்று. உரிய வேளைக்கு முன் எந்த அதிகாரியும் உறையைப் பிரிக்க முடியாதவாறு விலைப்புள்ளி மறையெழுத்தாக மாற்றி வைக்கப்பெறுகின்றது. முடிவு அறிவிக்கப்பெற்ற பின் யார் எவ்விலை குறித்தார் என்பதை ஏனையோரும் காண இயலும். 2014ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி தெலுங்கானா தனி மாநிலமான பின்னரும் இம்முறை அங்கே தொடர்கின்றது.

தமிழ்நாட்டு வாசகர் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. யந்திரம் வருவதற்கு முன்னரே சட்டம் வந்த மாநிலம் தமிழ்நாடு. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மையை வற்புறுத்தும் சட்டத்தை அம்மாநிலம் 1998ஆம் ஆண்டிலேயே இயற்றியது; 2000ஆம் ஆண்டில் அதற்கான விதிகள் வகுக்கப்பெற்றன. வெளிநாடுகளிலும், தென்கொரியா 2002ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒரே மின்னணுக் கொள்முதல் அமைப்பை நிறுவியது. சட்டம், யந்திரம், பயிற்சி பெற்ற ஊழியர் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றிச் சீர்திருத்தம் நிலைபெறாது என்பதே இந்த அனுபவங்கள் உணர்த்தும் பாடம்.

மத்திய சர்க்காரின் சந்தை

மத்திய சர்க்காருக்கு வேண்டிய பொருள்களுக்கு விலை ஒப்பந்தம் செய்து வந்த வழங்கல், விற்றழிப்புத் தலைமை இயக்ககம் 2017ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதியுடன் மூடப்பெற்றது. அதன் இடத்தை, 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி தொடங்கப்பெற்ற ‘ஜெம்’ என்னும் அரசு மின்னணுச் சந்தை ஏற்றுக்கொண்டது. அச்சந்தையில் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் மத்திய இலாகாக்கள் அங்கேயே வாங்கவேண்டும் என்பதைப் பொது நிதி விதிகளின் 149ஆம் விதி கட்டாயமாக்கிற்று. மேசை, நாற்காலி, காகிதம், கணினி ஆகியவற்றுக்கு இவ்வேற்பாடு மிகப் பொருத்தமானது. நாட்டின் எந்த மூலையிலுள்ள விற்பனையாளரும் பதிவு செய்துகொள்ளலாம்; ஒரே பொருளின் பல விலைகளை ஒரே திரையில் ஒப்புநோக்கலாம்.

விஞ்ஞானக் கருவிகளில் இது இவ்வளவு எளிதாக அமையவில்லை. நாற்காலிக்கும் நாற்காலிக்கும் வேற்றுமை சிறிது. ஒரு நிறமாலைமானிக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேற்றுமையோ ஆய்வின் முடிவையே மாற்றவல்லது. சந்தைப் பட்டியலில் இல்லாத கருவிக்கு ‘இங்குக் கிடைக்கவில்லை’ என்னும் சான்று பெற்ற பின்னரே வெளியே வாங்க இயலும் என்ற நிலை, ஆராய்ச்சியாளர்களிடையே மனக்குறையை எழுப்பியது. குறைந்த விலையே முடிவைத் தீர்மானிக்கும்போது தரம் தாழ்கின்றது என்பதும் அவர்கள் கூறிய குறை.

இக்குறை செவிமடுக்கப்பெற்றது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், விஞ்ஞான இலாகாக்களின் ஆராய்ச்சிக் கொள்முதலுக்கு விதிகள் தளர்த்தப்பெற்றன. விலைப்புள்ளி கோராமல் வாங்கும் வரம்பு ஒரு லட்ச ரூபாயிலிருந்து 2 லட்சமாகவும், இலாகாக் குழுவின் வழியே வாங்கும் உச்ச வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் உயர்ந்தன. மின்னணுச் சந்தைக்கு வெளியே ஆராய்ச்சிக் கருவிகளை வாங்கும் உரிமை நிலையத் தலைவர்களுக்கு வழங்கப்பெற்றது. 200 கோடி ரூபாய் வரையிலான உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அவர்களுக்கு அளிக்கப்பெற்றது.

சிலர் இத்தளர்வை மின்னணு முறையின் தோல்வி என்று காட்டுவர். அது பொருந்தாது. தளர்த்தப்பட்டது ‘ஒரே சந்தையில்தான் வாங்கவேண்டும்’ என்னும் கட்டாயமே; ‘வெளிப்படையாக வாங்கவேண்டும்’ என்னும் கொள்கையன்று. உரிமை கூடியபோது பொறுப்பும் கூடியிருக்கிறது. முன்னர் “விதி தடுத்தது” என்று சொல்லித் தப்பிய நிலையம், இனி ஏன் இக்கருவியை, இவ்விலைக்கு, இவரிடம் வாங்கிற்று என்பதற்குத் தானே விடையளிக்க வேண்டும்.

விவரக்குறிப்பே உயிர்

கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமை இங்கேதான் தொடங்குகின்றது. யந்திரம் விலையை ஒப்பிடும், தேதியைப் பதியும், முத்திரையைக் காக்கும். வேண்டிய பொருள் யாது என்பதை அது அறியாது. தேவையைச் சொற்களில் எழுதித் தரவேண்டியவர் அக்கருவியைக் கையாளுபவரே.

மத்திய சர்க்காரின் பள்ளி ஒன்றில் நுண்ணோக்கி வாங்குவதை எடுத்துக்கொள்ளலாம். தேவைப் பட்டியலில் ‘மாணவர் நுண்ணோக்கி, 10’ என்று மட்டும் எழுதினால், அச்சொற்களுக்குப் பொருந்தும் மிக மலிவான பொருள் வந்து சேரும். அதைத் திருப்பி அனுப்ப ஆசிரியருக்கு விதியில் இடமிராது. அதற்கு மாறாகப் பின்வருமாறு எழுதலாம்: பொருளருகு வில்லைகள் 4, 10, 40 மடங்கு; கண்ணருகு வில்லை 10 மடங்கு; அனைத்தும் கண்ணாடியால் ஆனவை; நுண் குவியத் திருகு உண்டு; ஒளியைக் குவிக்கும் வில்லையும் ஒளித்திரையும் உண்டு; ஒவ்வொன்றுக்கும் மாற்றுக் கண்ணருகு வில்லை ஒன்று. இரத்தத் தடவலில் மலேரியாக் கிருமியைக் காட்டவேண்டுமாயின் எண்ணெயில் அமிழ்த்தும் 100 மடங்கு வில்லையும் வேண்டும் என்பது அதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கே தெரியும். கணக்குப் பிரிவில் உள்ளவருக்குத் தெரியாது. இவ்வாறு எழுதுவதில் எந்த நிறுவனத்தின் பெயரும் வரவில்லை, போட்டியும் குறையவில்லை, மலிவான போலிப் பொருள் தானே விலகிவிடுகின்றது.

இதன் மறுபுறமும் உண்டு. தமக்குப் பழக்கமான ஒரே உற்பத்தியாளரின் விளம்பரத் தாளைப் பார்த்து, அதிலுள்ள எண்களை அப்படியே விவரக்குறிப்பாக எழுதுவோரும் இருக்கின்றனர். நீளம், நிறை, நிறம் வரை அந்த ஒரு கருவிக்கே பொருந்தும்படி எழுதினால், திரையில் போட்டி நடப்பதாகத் தோன்றும். உண்மையில் முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. காகித முறையில் வாசலில் நடந்த அநீதி இங்கே விவரக்குறிப்புக்குள் புகுந்து கொள்கின்றது. பொருள் எதைச் செய்யவேண்டும் என்பதை எழுதுவதே நேர்மையான முறை.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, ஏற்புச் சான்று. மின்னணுச் சந்தையில் வாங்கிய பொருளைப் பெறுபவர், அதைப் பரிசோதித்து ஏற்புச் சான்று பதிந்த பின், 10 நாளுக்குள் விற்பனையாளருக்குப் பணம் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. பெட்டியைப் பிரிக்காமலே ‘பெறப்பட்டது, சரியாக உள்ளது’ என்று பதிவு செய்தல் பெருந்தவறு. சரியாக வந்த பொருளுக்குச் சான்று தராமல் வாரக்கணக்கில் காலம் கடத்துவதும் அதற்குக் குறைந்த தவறன்று. பெரிய நிறுவனம் அத்தாமதத்தைத் தாங்கும். கடன் வாங்கிக் கருவி செய்து கொடுத்த சிறு பட்டறை தாங்காது.

இரண்டாவது, சிறு தொழிலாளர். மத்திய சர்க்கார் அமைப்புகள் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்கவேண்டும் என்னும் கொள்கை உள்ளது. ஆனால் டிஜிட்டல் கையொப்பம் பெறுதல், ஆங்கிலப் படிவங்களை நிரப்புதல், ஆவணங்களை ஏற்றுதல் ஆகியவை சிற்றூர்ப் பட்டறைக்காரருக்கு மலைப்பாக இருக்கின்றன. பழைய பெட்டியை நேரில் வந்து அணுக அஞ்சியவர், புதிய திரையையும் அணுக அஞ்சினால் மாற்றத்தின் பயன் பாதியாகும். படிவங்களும் விளக்கங்களும் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் கிடைத்தலும், மாவட்டந்தோறும் நேரில் கற்பிக்கும் உதவி நிலையம் அமைதலும் அவசியம். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் இப்பயிற்சியைத் தம் பாடத்தோடு சேர்த்துக்கொண்டால் பெரும்பயன் விளையும்.

மூன்றாவது, காவல். ‘கணினியில் பதிந்தது மாறாது’ என்னும் நம்பிக்கை முழுதும் சரியன்று. மத்தியப் பிரதேசத்தில் மின்னணு ஒப்பந்தப்புள்ளிகள் இடையே திருத்தப்பட்டன என்னும் குற்றச்சாட்டு 2018ஆம் ஆண்டில் எழுந்து, 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வழக்கும் பதிவாயிற்று. இதைக் காட்டிக் காகிதமே மேல் என்று வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். காகிதத்தில் ஒரு தாளை மாற்றி வைத்தால் சுவடு தெரிவது அரிது. கணினியிலோ யார், எந்நேரத்தில் நுழைந்தார் என்னும் பதிவேடு எஞ்சுகின்றது. அப்பதிவேட்டைக் காப்பவரும், அமைப்பை நடத்துபவரும், தணிக்கை செய்பவரும் வெவ்வேறு நபர்களாக இருத்தல் வேண்டும். அதிகாரி தம் டிஜிட்டல் கையொப்பக் கருவியையும் கடவுச்சொல்லையும் எழுத்தரிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது, வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இப்பழக்கத்தை எந்த யந்திரமும் தடுக்க இயலாது.

செய்யத்தக்கது

இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒவ்வொரு நிலையமும் தான் அடிக்கடி வாங்கும் கருவிகளுக்கு நல்ல விவரக்குறிப்புகளை எழுதித் தொகுத்து, பிற நிலையங்களும் பள்ளிகளும் பயன்படுத்துமாறு வெளியிடலாம். தவறிப்போன கொள்முதல்களையும் அதில் சேர்க்கவேண்டும். எந்தச் சொல் விடுபட்டதால் எந்தப் பொருள் வந்தது என்பதை அறிதல் அடுத்தவருக்குப் பாடமாகும். பருவம் தொடங்குவதற்கு எத்தனை மாதம் முன்னர்த் தேவைப் பட்டியல் சேரவேண்டும் என்பதைக் களக் குழுவினரே கணக்கிட்டுச் சொல்லலாம். முறை 35 நாளில் முடியுமாயினும், பட்டியல் 3 மாதம் தாமதமாக வந்தால் அதை எந்த மின்னணு முறையும் ஈடுகட்டாது. கொள்முதல் பிரிவினரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் களத்துக்குச் சென்று, தாங்கள் வாங்கிய பொருள் எவ்வாறு உழைக்கின்றது என்பதை நேரில் காணவேண்டும்.

நிஜாமியா வானாய்வு நிலையத்தை 1901ஆம் ஆண்டில் தோற்றுவித்த நவாப் ஜாபர் ஜங், அதற்குரிய 15 அங்குலத் தொலைநோக்கியை இங்கிலாந்திலிருந்து தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு வாங்கினார். அந்நிலையம் 1908ஆம் ஆண்டில் நிஜாமின் சர்க்காரைச் சேர்ந்து பேகம்பேட் பகுதியில் இடம்பெற்றது. தம் பணத்தைச் செலவிட்டவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் வாங்கும் கருவிக்கோ, அதன் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும். அதே வேளையில் கருவி காலத்திலும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்றே காகித முறையில் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இரண்டையும் ஒருசேரப் பெறும் வாய்ப்பை மின்னணு முறை தந்திருக்கிறது. களத்தில் கருவியைத் தொடும் ஊழியரும் வகுப்பில் அதைக் காட்டும் ஆசிரியரும் தம் தேவையைத் தெளிவாக எழுதி, வந்த பொருளை நேர்மையாகச் சோதித்து ஏற்றால், அடுத்த ஆராய்ச்சியாளர் விரிசல் கண்ட வில்லையோடு போராட வேண்டியிராது.